வெறுந்தாச்சியா, தண்ணீர் விட்டா? நுவரெலியாக் குளிரில் சீனியும் கருப்பட்டியும்

நுவரெலியாவில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில். எங்கள் சமையலறை அந்தச் சூட்டைத் தொடுவதே அபூர்வம் என்பதால், வாயகன்ற போத்தலில் வைத்துக் கரண்டியால் தோண்டித்தான் எடுப்போம். தாச்சியில் போட்டால் சத்தமில்லாமல் உருகி, கண்ணாடி போல் தெளிந்துவிடும். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகினாலும் அமைதியாக இருக்காது. அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது கொதித்து வெளியேறும்வரை நுரைத்துப் பொரியும். நுரை அடங்கியதும் பால் கசடு சிவந்து மணக்கும், அசந்தால் கருகும். பொரிக்கத் தேங்காய் எண்ணெய், ரொட்டியில் தடவ பட்டர். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் இனிப்பில்தான். கச்சான் அல்வாவுக்கும் அதிரசத்துக்கும் சீனியை வெறுந்தாச்சியில் உருக்குவதா, தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சுவதா? வெளிப்பார்வைக்கு ஒரே வேலை போலத் தெரியும். முதலாவதில் சீனி உருகுகிறது. இரண்டாவதில் கரைகிறது, பிறகு தண்ணீர் வற்ற வற்ற இறுகுகிறது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

வெறுந்தாச்சி முறையில் முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு ஓரத்துச் சீனி நனையும், தை மாதக் காலையில் புல்லில் பூத்த உறைபனி வெயில் பட்டு நனைவதைப் போல. அப்போது கரண்டி போட்டுக் கிளறினால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். தாச்சியைச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றுவதே போதும். சீனியின் உருகுநிலை 186 பாகை என்று புத்தகங்களில் இருக்கும். ஆனால் பனிக்கட்டிபோல ஒரே புள்ளியில் அது உருகுவதில்லை. மெல்லிய தீயில் நேரமெடுத்துச் சூடேற்றினால் அதற்குக் கீழேயே உருகத் தொடங்கும், கூடவே சிதையவும் தொடங்கும். அந்தச் சிதைவுதான் நிறமும் மணமும். வைக்கோல் நிறம், தேன் நிறம், பிறகு பிளேன்டீ நிறம். அந்தப் பிளேன்டீயில் இறக்கிவிட வேண்டும். இன்னும் சில விநாடி விட்டால் கசப்புத்தான். மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் சுள்ளி, எரிக்கும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது. மிலாறு குபுகுபுவென்று பற்றி உடனே அடங்கும். கேஸின் சின்னத் தீ, அல்லது தடித்த விறகின் தணல், இரண்டில் ஒன்று வேண்டும்.

தண்ணீர் விட்ட பாகு மன்னிக்கும் குணமுள்ளது. தண்ணீர் இருக்கும்வரை சூடு தறிகெட்டு ஏறாது, மிலாறு அடுப்பும் தாங்கும். அதன் குறை வேறு. ஓரத்தில் ஒட்டிய ஒரு மணி சீனி உள்ளே விழுந்தாலே மொத்தப் பாகும் பூத்துப்போய் மணல்போல் ஆகும். நாலைந்து துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் சீனியில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்து அதைத் தடுக்கும்.

மலை குறுக்கிடுவதும் இந்த முறையில்தான். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், கண்டியில் ஏறத்தாழ 98, ஹட்டனில் 96, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பாகின் ஒவ்வொரு பதமும் இதோடு சேர்ந்து இறங்குகிறது. இது தெரியாமல் ஒரு தீபாவளிக்கு, கொழும்பிலிருக்கும் அண்ணி சொன்னபடி வெப்பமானியை வைத்து 116 பாகையில் பாகை இறக்கினேன். அதிரசம் பல்லை உடைத்தது. "நீங்க சொன்ன சூட்டுலதான் எறக்குனேன் அண்ணி, கல்லு மாதிரி இருக்கு" என்று தொலைபேசியில் அழாத குறை. அண்ணி சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. இங்கே 116 என்றால் அங்கே 122. அந்தச் சூட்டை எட்டுவதற்குள் பாகில் தண்ணீர் அதிகமாகவே வற்றியிருக்கும். இப்போது முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளக்கிறேன், நூறுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைப் பாகிலும் கழிக்கிறேன். வெப்பமானி இல்லாவிட்டால் அம்மாவின் கிண்ணத்துத் தண்ணீர் போதும். ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அந்தச் சோதனை எந்த உயரத்திலும் ஏமாற்றியதில்லை. வெறுந்தாச்சியில் உருக்கும்போது கொதிக்கத் தண்ணீரே இல்லாததால் உயரத்துக்கு அங்கே வேலையில்லை. கொழும்பின் நிறம்தான் இங்கும்.

கித்துள் கருப்பட்டிக்கு வெறுந்தாச்சி வேண்டவே வேண்டாம். அதில் ஈரமும், சீக்கிரம் சிவக்கும் வேறு சர்க்கரைகளும் உண்டு. மேல்கட்டி இளகுமுன் அடி தீய்ந்துவிடும். நொறுக்கி, மூழ்காத அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, தும்பும் மண்ணும் போக வடித்து, பிறகு காய்ச்சுங்கள்.

பாத்திரம்: தடித்த இரும்புத் தாச்சிதான் என் தேர்வு. மெல்லிய அலுமினியத்தில் நடுவில் மட்டும் கருகும். நொன்ஸ்டிக் பூச்சு 260 பாகை தாண்டினால் சிதையத் தொடங்கும், வெறுமனே அடுப்பில் விட்டால் அந்தச் சூடு சில நிமிடங்களில் வந்துவிடும். ஓட்டைக்கு ஈயப்பற்று வைத்த பழைய பாத்திரத்தைத் தொடாதீர்கள். ஈயமும் தகரமும் கலந்த பற்று 183 பாகையிலேயே உருகக்கூடியது. சீனியை உருக்கும் தாச்சியின் அடி அதைத் தாண்டிவிடும். பாகுக்கும் அது ஆகாது, தேசிக்காய்ப் புளிப்பு ஈயத்தை உணவுக்குள் இழுக்கும்.

ஆகவே என் வீட்டில் கச்சான் அல்வாவுக்கு வெறுந்தாச்சி. அந்தக் கருகலுக்கு முந்தைய மணம் பாகில் அவ்வளவு எளிதில் வராது. பிளேன்டீ நிறத்தில் இறக்கி, வறுத்த கச்சானையும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவையும் போட்டால் நுரைத்துப் பொங்கும், உடனே தட்டில் பரப்பிவிட வேண்டும், இந்தக் குளிரில் அது காத்திராது. அதிரசத்துக்கும் கருப்பட்டிக்கும் தண்ணீர், பக்கத்தில் கிண்ணம்.