ஜிஞ்சர் பியர் புளிக்க வைக்க எந்தப் பாத்திரம் சரிவரும்?

கனடாவில் இருக்கும் மச்சான் வீட்டிலேயே பியர் வடிப்பவர். ஸ்ரீல் உருளை, கண்ணாடிக் குடுவை என்று எல்லாம் வைத்திருக்கிறார். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் வடித்தால் மதுவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால் நான் ஜிஞ்சர் பியரோடு நிற்கிறேன். பாத்திர விஷயத்தில் அவர் சொல்வதை அப்படியே எடுக்கவும் முடியாது. பியர் இரண்டு வாரமாவது பாத்திரத்தில் கிடக்கும், காற்றுப் பட்டால் ருசி கெடும். ஜிஞ்சர் பியர் யாழ்ப்பாணத்து வெக்கையில் ஒரு நாளிலேயே நுரைத்துவிடும். ஆகவே எனக்கு முக்கியம் இரண்டே விஷயம்: கழுவ லேசாக இருக்கவேண்டும், வாயு வெளியேற வழி இருக்கவேண்டும்.

சில வருடமாக நிலைத்து நிற்பது ஐந்து லீற்றர் கண்ணாடிச் சாடிதான். கை உள்ளே போகுமளவுக்கு வாய் அகலமானது. நாலு லீற்றருக்கு மேல் நிரப்புவதில்லை, நுரைக்கு இடம் வேண்டும். கால் கிலோ இஞ்சி, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சீனி, தேசிக்காய்ப்புளி, கால் தேக்கரண்டி ஈஸ்ற். கொதித்த தண்ணீரை ஆறவிட்டுத்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் சாடி வெடித்துவிடும். மூடியில் துளை போட்டு மீன்தொட்டி ரியூப்பைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டிருக்கிறேன். வாயு குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. இஞ்சிச் சக்கையை முதலிலேயே வடித்துவிடுங்கள், மிதந்து வந்து ரியூப்பை அடைக்கும்.

கண்ணாடிக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கழுவிக் கவிழ்த்தால் உட்புறத்தில் வெள்ளைப் படை பிடிக்கும், அதில் அழுக்கு ஒட்டும். பிழிந்த தேசிக்காய்த் தோலால் தேய்த்தால் போய்விடும்.

அடியில் குழாய் வைத்த சாடி பார்க்க வடிவு. வாங்கவேண்டாம் என்பேன். நான் வாங்கியதில் குழாய்க்கு மினுக்கம் பூசியிருந்தார்கள். புளிப்புப் பட்டு அது கழன்று, உள்ளே கறுத்துப்போனது. குழாயின் உள்பக்கத்தைத் தேய்க்கவும் வழியில்லை. கடைக்காரர் மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார்.

பிளாஸ்ரிக் வாளி மலிவு, விழுந்தாலும் உடையாது. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 இருக்கிறதா, உணவுக்கு உகந்தது என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ற் வாளியை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வாளிக்கு எதிரி கீறல்தான்: கம்பி நாரால் ஒருமுறை தேய்த்தாலே போதும், கீறலுக்குள் கிருமி குடியேறிவிடும். இஞ்சி வாசமும் போகாது. அதற்குப் பிறகு அதில் வேறு எதையும் வைக்கமுடியாது.

அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு தின்னும், அதைப்பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. சில்வர்ப் பானை நல்லது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. நான் அதைக் கொதிக்கவைக்க மட்டும் பாவிக்கிறேன்.

மண்முட்டியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கள்ளு முட்டியில் புளிக்கிறதே, இது ஏன் கூடாது? முட்டியின் நுண்துளைகளில் பழைய ஈஸ்ற் தங்கிவிடும். கள்ளுக்கு அது வசதி, இறக்கும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். கருப்பநீர் வேண்டுமென்றால் அதைத் தடுக்கத்தான் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார்கள். ஜிஞ்சர் பியருக்கோ ஒவ்வொரு முறையும் ஒரே ருசி வேண்டும். முட்டியில் போனமுறை எது வளர்ந்ததோ அதுதான் இம்முறையும் வரும். ஆனாலும் முட்டி குளிர்மையாக இருக்கும் என்பது உண்மை. அந்தக் குளிர்மைக்காகச் சாடியைத் தண்ணீர்த் தட்டத்தில் வைத்து ஈரத்துணி சுற்றுகிறேன். பங்குனி, சித்திரையில் இது இல்லாமல் சரிவராது.

அப்புறம், அடைக்கும் போத்தல். இதில் நான் கண்ணாடிக்கு எதிர்க்கட்சி. சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல்தான், தண்ணீர்ப் போத்தல் கூடக் கூடாது, அது வாயு அழுத்தத்துக்குச் செய்ததல்ல. கையால் அமத்திப் பாருங்கள், கல்லுமாதிரி இறுகினால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது பெட்டி சூடாகி, உள்ளே புளிப்பு மறுபடி தொடங்கியது. பிளாஸ்ரிக் போத்தல்கள் அடி புடைத்து, நிமிர்ந்து நிற்காமல் சரிந்து கிடந்தன. மூடியை மெல்லத் திருகி வாயுவை விட்டேன், அவ்வளவுதான். அதே இடத்தில் கண்ணாடி இருந்திருந்தால் பெட்டிக்குள் கைவைக்கவே பயம்.

இந்தப் போத்தல்களைச் சுடுதண்ணீரால் கழுவக்கூடாது, சுருங்கிவிடும். மூடியின் புரி தளர்ந்தால் வாயு நிற்காது. அப்போது போத்தலையும் மூடியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.