கடலோர வீட்டுக்கு எந்தப் பூட்டு: ஆமைப்பூட்டா, மோட்டிஸ் பூட்டா?

திருகோணமலையில் பூட்டு வாங்கப் போகிறவர் விலையைப் பார்ப்பார், எத்தனை திறப்பு தருகிறார்கள் என்று கேட்பார். வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை யோசிப்பவர் குறைவு. டச்சுக்குடாவிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுப் பூட்டும் தம்பலகாமத்து வயலோர வீட்டுப் பூட்டும் ஒரே மாதிரிப் பழுதாவதில்லை. இங்கே ஒப்பிடுவது கடலோர வீட்டின் முன்கதவுக்காக. எங்கள் கதவுக்கு மோட்டிஸ் பூட்டைத்தான் போட்டோம். அந்தச் சாய்வு இதில் தெரியும்.

ஆமைப்பூட்டு மலிவு, தச்சர் தேவையில்லை, பழுதானால் அன்றைக்கே மாற்றலாம். மோட்டிஸ் பூட்டைப் பலகையைக் குடைந்து கதவுக்குள் இறக்க வேண்டும். கூலி கூட, கை சுத்தமான தச்சரும் வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

பலர் கவனிக்காதது, ஆமைப்பூட்டு வெளியே தொங்கும்போது வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவில் போகிற எவரும் அறிந்துகொள்வார் என்பது. மோட்டிஸ் பூட்டில் திறப்புத் துளை மட்டுமே தெரியும். ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது கொண்டி, அதாவது ஆமைப்பூட்டை மாட்டக் கதவில் அடிக்கும் உலோகப் பட்டை. ஆமைப்பூட்டை உடைக்க வருகிறவன் பெரும்பாலும் பூட்டைத் தொடுவதில்லை. கொண்டிக்குள் அலவாங்கைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால், அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளோடு எல்லாம் கையில் வந்துவிடும். கடலோரத்தில் அந்த நெம்புக்கும் பெரிய பலம் தேவைப்படாது. பித்தளைக் கொண்டியை இரும்புத் திருகாணியால் அடித்தால், உப்பு ஈரம் படும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, இரும்புதான் கரையும். தலை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பலகைக்குள் இருக்கும் தண்டு மெலிந்திருக்கும். திருகாணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் உள்ளே துரு ஓடிவிட்டது என்று அர்த்தம்.

ஆமைப்பூட்டுத்தான் போடுவதென்றால், கொண்டியைத் திருகாணியால் அல்ல, கதவை ஊடுருவிப் போகும் உருண்டைத் தலை போல்ட்டால் இறுக்குங்கள். உள்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் வரவேண்டும். கொண்டியை மூடியபின் ஆணித்தலை ஒன்றும் வெளியே தெரியக்கூடாது. பூட்டின் வளையத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு காலிலும் வெட்டு இருந்தால் இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒரு காலில் மட்டும் இருந்தால் மெல்லிய தகரத் துண்டைச் செருகியே சில பூட்டுகளைத் திறந்துவிடலாம். வளையத்தின் தடிப்பு 10 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், பூட்டியபின் அலவாங்கு நுழைய இடைவெளி இல்லாமலும் இருப்பது நல்லது.

இனிப் பராமரிப்பு. எங்கள் தெரிவை முடிவு செய்தது இதுதான். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத நாளிலும் பூட்டுக்குள் நனைவு இருக்கும். பித்தளை ஆமைப்பூட்டில் பெரும்பாலும் உடல் மட்டுமே பித்தளை. வளையம் குரோம் பூசிய உருக்கு. பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து வளையம் துளைக்குள் இறுகிவிடும். உடனே தேங்காயெண்ணெய் விடுவது வழக்கம். சில நாள் வழுக்கும், பிறகு பிசினாகித் தூசியையும் உப்பையும் சேர்த்துப் பிடிக்கும். பழைய எஞ்சின் ஒயிலும் அப்படித்தான். சரியான முறை, வாடைக்காலத்தில் மாதம் ஒரு தடவை பூட்டைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, அரை நாள் வெயிலில் காயவைத்து, சிலிக்கன் ஸ்பிரே கொஞ்சம் அடிப்பது. அலசாமல் ஸ்பிரே அடித்தால் உப்பு உள்ளேயே இருக்கும். சைக்கிள் ரியூப் துண்டால் மூடுகிறவர்கள் அடிப்பக்கத்தைத் திறந்து விடவேண்டும், இல்லாவிட்டால் நீர் உள்ளே தேங்கும். மாதாமாதம் இதைச் செய்கிற வீடு எத்தனை?

மோட்டிஸ் பூட்டின் உடல் மரத்துக்குள் இருப்பதால் உப்புச் சாரல் நேரே படாது. துளை ஒன்றுதான் திறந்திருக்கும், அதற்கும் மேலே ஒரு பித்தளை மூடி போட்டுவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை கதவின் விளிம்பில் உள்ள முகத்தட்டின் திருகாணிகளைக் கழற்றி, பூட்டை வெளியே எடுத்துத் துடைத்து, நாக்கில் (பூட்டும்போது வெளியே நீளும் கட்டையில்) மட்டும் மெல்லிய கிரீஸ் தடவினால் போதும். உள்ளே திறப்பு தூக்கிவிடும் நெம்புத் தகடுகளில் கிரீஸ் அப்பாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறப்பு சுற்றாது.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை போலத் தெரியும் நாக்கும் முகத்தட்டும் காந்தத்தை இழுத்தால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அதைக் கடலோர வீட்டுக்கு வாங்கவேண்டாம். நெம்புத் தகடு மூன்று உள்ளதை விட ஐந்து உள்ளது பாதுகாப்பு.

மோட்டிஸ் பூட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு, அது பருவத்தோடு வருவது. வாடையில் கதவு ஊறிப் பருத்து, நாக்கு நிலையில் உள்ள தகட்டில் முட்டும். அப்போது திறப்பைப் பலமாகத் திருகி முறித்துக்கொள்வார்கள். நாக்கில் சுண்ணக்கட்டி பூசிப் பூட்டிப் பார்த்தால் எங்கே முட்டுகிறதென்று தெரியும். தகட்டை அந்த இடத்தில் அரத்தால் ராவவேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் இது தலைகீழ். மரம் சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் இடையில் வெளி விழும். நாக்கு 10 மில்லிமீற்றர்தான் வெளிவருமென்றால் பிடிப்பு மிகக் குறைந்துவிடும். இரண்டு சுற்றுச் சுற்றி 20 மில்லிமீற்றர் வரை வருவதையே வாங்குங்கள். நிலைத்தகட்டோடு தரும் குட்டித் திருகாணிகளை ஒதுக்கிவிட்டு, 2 அங்குலத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடுங்கள். கதவு உதை வாங்கும்போது முதலில் பிய்வது அந்தத் தகடுதான்.

பலகையும் இடங்கொடுக்க வேண்டும். முதிரை, தேக்கு போன்ற கட்டை மரத்தில் ஒன்றரை அங்குலத் தடிப்பாவது இருக்கட்டும். ஒட்டுப்பலகைக் கதவைக் குடைந்தால் அந்த இடமே பலவீனமாகிவிடும், அங்கே போல்ட் போட்ட கொண்டியும் ஆமைப்பூட்டும் மேல். பழைய வீடுகளின் இரட்டைக் கதவில், அசையாத பாதிக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் ஆழமாக இறங்காவிட்டால் மோட்டிஸ் பூட்டால் பயனில்லை. இரண்டு பாதியும் சேர்ந்தே திறந்துகொள்ளும்.

விரல் அடையாளப் பூட்டுகளும் இப்போது விற்கிறார்கள். கடற்காற்றில் ஐந்தாறு வருடம் நின்ற ஒன்றை நாங்கள் பார்க்காதபடியால் அதை இங்கே எடைபோடவில்லை.

கேற்றுக்கும் கடை ஷட்டருக்கும் ஆமைப்பூட்டுத்தான். முன்கதவு மோட்டிஸ் பூட்டை இரவில் உள்ளிருந்து பூட்டினால், யன்னல் வழியாகக் கை எட்டாத இடத்தில், வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் திறப்பை மாட்டுங்கள். தீப்பிடித்தால் இருட்டில் தேட நேரமிருக்காது.