மீனம்பாக்கத்தில் இறங்கி ரயிலிலேயே புதுவை, கடலூர்: மாறுகிற இடங்களைப் பற்றி

சிங்கப்பூர், துபாய், பாரிஸ் என்று எங்கிருந்து வந்தாலும், புதுவைக்காரரும் கடலூர்க்காரரும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கியதும் ஊரிலிருந்து வரவழைத்த காருக்குத்தான் போன் போடுவார்கள். கைக்குழந்தையும் நாலு பெட்டியும் இருந்தால் அதுதான் சரி. ஆளுக்கு ஒரு பெட்டி என்றால், விமான நிலைய வாசலிலிருந்து ஊர் வரை தண்டவாளத்திலேயே வந்துவிடலாம். இந்த முறை அப்படி வந்து பார்த்ததில், வண்டிகள் மேல் குறை சொல்ல அதிகமில்லை. சிரமம் எல்லாம் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுகிற இடத்தில்தான்.

புதிதாக வருகிறவர்கள் விமான நிலையத்தில் மெட்ரோவைப் பார்த்ததும் அதில் ஏறி எழும்பூர் போகிறார்கள். விமான நிலையம் இருப்பது நீல வழித்தடத்தில், எழும்பூர் இருப்பது பச்சை வழித்தடத்தில். ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ பெட்டியோடு தளம் மாற வேண்டும். அதைவிட வேடிக்கை, எழும்பூரில் ஏறிய புதுவை வண்டி மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு என்று போகிற வழியில் அதே விமான நிலையத்துக்கு எதிரிலேயே கடந்து போகும். நகரத்துக்குள் போய்விட்டுத் திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரமாவது வீண்.

சரியான இடம் தாம்பரம். விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைத் தாண்டினால் திரிசூலம் நிலையம். சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதை வழியே போங்கள். மீனம்பாக்கம் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். திரிசூலத்தில் செங்கல்பட்டு அல்லது தாம்பரம் லோக்கலில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை, சானட்டோரியம் தாண்டி நாலாவது நிறுத்தம் தாம்பரம். சாதாரண வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணமான 5 ரூபாய்தான். காலை எட்டு முதல் பத்து மணிக்குள் நகரத்துக்குள் போகிற வண்டிகள் நெரியும், தாம்பரம் பக்கம் வருகிறவை பரவாயில்லை. மாலையில் இது அப்படியே தலைகீழ்.

இந்தச் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்துக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1931இல் மின்சார வண்டியை ஓடவிட்டபோது அது மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்), 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மீட்டர் கேஜ் லோக்கல் 2004 வரை ஓடியது. அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனவர்கள் நினைவில் வைத்திருக்கும் குறுகலான பெட்டிகள் இப்போது இல்லை, எல்லாம் அகலப் பாதை. மெட்ரோ வேறு வம்சம். 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர், 2016 செப்டம்பரில் விமான நிலையம் என்று வந்த அது ஓடுவது 1,435 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். ரயில்வேயின் அகலப் பாதை 1,676. ஒன்றின் தடத்தில் இன்னொன்று ஏற வழியே இல்லை. நிர்வாகமும் தனித்தனி. அதனால்தான் கிண்டியில் இரண்டு நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு கேட்டில் வெளியே வந்து இன்னொரு டிக்கெட் வாங்கி மறு கேட்டில் நுழைகிறோம். மெட்ரோ பெட்டிகள் பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்தோம் தயாரிப்பு, பெரும்பாலானவை ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் செய்தவை. பாரிசில் இருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிற விதம்கூடப் பழகினதாகத் தெரியலாம்.

மெட்ரோ பயன்படுவது பஸ்ஸில் போகிறவர்களுக்கு. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழிப் புதுவை பஸ்ஸுக்குக் கோயம்பேடு போக வேண்டும். ஆலந்தூரில் மாறினால் பச்சை வழித்தடம் நேராக அங்கே கொண்டுபோய் விடும். திண்டிவனம் வழி பஸ் என்றால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம். அதற்கு இன்னும் மெட்ரோ இல்லை, நீட்டிப்பு திட்ட அளவில்தான். மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரை ஓடும். வளைகுடா வழியாக வரும் விமானங்களில் பல விடியலுக்கு முன்பே இறங்குவதால் இந்த நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டுவதில் கொஞ்சம் தயாராக வர வேண்டும். திரிசூலம் கவுன்ட்டரில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். இந்திய போன் எண்ணும் யு.பி.ஐ.யும் இருந்தால் ரயில்வே செயலியிலேயே முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம். ஆனால் நிலையத்துக்குள் நின்றுகொண்டு எடுக்க முயன்றால் மறுக்கும், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். தாம்பரத்தில் ஊருக்கு டிக்கெட் வாங்கும்போது "எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா" என்று கேட்பார்கள். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான், 2024 அக்டோபர் வரை இருந்த 120 நாள் போய்விட்டது. கடைசி நேர முன்பதிவான தட்கலை இணையத்தில் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுவைக்காரரிடம் பெரும்பாலும் ஆதார் இருக்காது. ஊரில் உள்ள மச்சானோ தங்கையோ அவர்கள் கணக்கில் எடுத்துக் கொடுத்தால் உண்டு. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள்.

தாம்பரத்தில் எழும்பூர் வண்டிகள் நிற்பது ஓரிரு நிமிடம்தான். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று நடைமேடைப் பலகையில் பார்த்து முன்கூட்டியே போய் நில்லுங்கள். எழும்பூர் நிலைய மறுசீரமைப்பு வேலையால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்தே கிளப்பியிருக்கிறார்கள். டிக்கெட்டில் புறப்படும் இடத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை வேகம் நன்றாகவே இருக்கும். மெமு வண்டி (மின்சாரப் பாசஞ்சர்) என்றால் வழியில் சில இடங்களில் விளக்கு அணைந்து மின்விசிறி மெதுவாகும். பழுது இல்லை. மேலே உள்ள மின்கம்பி ஒரு துணைமின் நிலையத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் சிறிது தூரம் மின்சாரமே இருக்காது. வண்டி உருண்டு அதைக் கடந்ததும் எல்லாம் திரும்ப வரும்.

தாமதம் தொடங்குவது விழுப்புரத்தில். ஐந்து திசையிலிருந்து பாதைகள் கூடும் சந்திப்பு அது. அங்கிருந்து புதுவைக்குப் போகும் 38 கிலோமீட்டரும் ஒற்றைப் பாதை. 1879இல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்த கிளை இது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் தாண்டினால் புதுச்சேரி, அதோடு தண்டவாளம் முடிந்துவிடும். எதிர் வண்டி வந்து ஒதுங்கும் வரை உங்கள் வண்டி காத்திருக்கும். எழும்பூரிலிருந்து ரயிலில் 197 கிலோமீட்டர், ஈ.சி.ஆரில் சுமார் 150. நேரம்தான் முக்கியம் என்றால் பஸ்ஸே மேல். முதியவர்களும் கழிப்பறை வசதி தேவைப்படுகிறவர்களும் ரயிலில் வருவது நல்லது.

கடலூருக்கு விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை. அகலப்படுத்த 2006 கடைசியில் மூடி 2010இல் திறந்தார்கள். காலையில் சோழன், இரவில் உழவன் இந்த வழியில் வருகின்றன. இங்கே பலரும் தடுமாறுவது நிலையப் பெயரில். கடலூர் என்று தேடினால் கடலூர் துறைமுகம் சந்திப்புதான் வரும், அது இருப்பது ஓ.டி. எனும் பழைய நகரத்தில். மஞ்சக்குப்பம், புதுநகர் போகிறவர்கள் இறங்க வேண்டியது அதற்கு முந்தைய நிலையமான திருப்பாதிரிப்புலியூர், குறியீடு டி.டி.பி.ஆர். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது.

புதுவையிலிருந்து கடலூருக்கு ரயிலில் போக நினைக்காதீர்கள். இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு விழுப்புரம் போய்ச் சுற்ற வேண்டும். கடற்கரை ஓரமாக மாமல்லபுரம், புதுவை, கடலூர் என்று போட வேண்டிய பாதை ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே இருக்கிறது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாக பஸ் அடிக்கடி உண்டு. ரயில் நிலையத்துக்கும் புதுவை பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு முன்பே.

நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் மாற்று வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும். 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்த பிறகு, டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்களை நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகளுக்கு அந்தப் பாலத்தை விட்டால் காட்பாடி வழியாகச் சுற்றுவதுதான்.

திரும்பிப் போகும்போதும் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி திரிசூலத்துக்கு லோக்கல் பிடியுங்கள். ஊரிலிருந்து விழுப்புரம் வரை ஒற்றைப் பாதை என்பதால், வண்டி தாம்பரம் வந்து சேரும் நேரத்துக்கும் செக்-இன் மூடும் நேரத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.