லைசன்ஸ் ரினிவலுக்கு குடுத்துட்டு "போஸ்ட்ல வரும்"னு காத்திருக்கீங்களா? மதுரைல எங்க அப்பாவுக்கு நடந்தத படிச்சிருங்க

டிரைவிங் ஸ்கூல்லயோ ப்ரோக்கர்கிட்டயோ லைசன்ஸ் ரினிவலுக்கு குடுத்துட்டு, கார்டு போஸ்ட்ல வரும் வரும்னு மாசக்கணக்கா உக்காந்திருக்கவங்க யாராவது இருந்தா இத முழுசா படிங்க. கொஞ்சம் நீளமா போகும், கோவத்துல டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல யாவாரம். விடியறதுக்கு முன்னாடி டிவிஎஸ் எக்ஸெல்ல கிளம்பிருவாரு, மல்லிப்பூ மூட்டைய காலுக்கு நடுவுல வச்சு கடை கடையா போட்டுட்டு வீட்டுக்கு வர்றதுக்கு ஒம்பது மணி ஆயிரும். பேப்பர் விஷயத்துல ரொம்ப கறாரான ஆளு. இன்சூரன்ஸ் முடிய பத்து நாள் இருக்கும்போதே என்னய நச்சரிக்க ஆரம்பிச்சிருவாரு. அவருக்கு 2019 ஜூலைல 50 வயசு முடிஞ்சது, அப்ப இருந்த ரூல்படி 5 வருஷத்துக்கு ரினிவல் பண்ணி குடுத்தாங்க, அது 2024 ஜூலையோட முடியுது. மே மாசமே எங்க ஏரியா டிரைவிங் ஸ்கூல்ல போய் குடுத்துட்டாரு. கடை பேர் போடல, போலீஸ்ல கம்ப்ளைன்ட் இருக்கறதால இப்ப வேணாம்னு சொல்லிருக்காங்க. பல வருஷமா அங்க இருக்கற கடை, எங்க தெருவுல பாதி பேரு அங்கதான் எட்டு போட பழகுனாங்க.

கடைக்காரரு கேட்டது 4,500 ரூபா. கவர்மெண்ட் ஃபீஸ், டாக்டர் சர்டிபிகேட், "ஆபீஸ் செலவு" எல்லாம் சேத்துன்னு சொன்னாரு. பழைய கார்டையும் ஆதார் ஜெராக்ஸையும் போட்டோவையும் வாங்கி வச்சுக்கிட்டாரு. நீங்க ஆபீசுக்கே வர வேணாம்ணே, வயசான காலத்துல எதுக்கு அலையணும், நான் பாத்துக்கறேன்னு ஒரே பாசம். அப்பாவும் தம்பி தம்பின்னு பணத்த எண்ணி குடுத்துட்டு வந்துட்டாரு.

ஜூலைல ஒரு லேமினேஷன் அட்டைய கைல குடுத்து, இத வச்சு ஓட்டுங்க, ஒரிஜினல் கார்டு ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே வரும்னு சொல்லிட்டாரு. இங்கதான் அவரு கெட்டிக்காரத்தனம். ஸ்பீட் போஸ்ட் விஷயம் நெஜம். 2024 பிப்ரவரி கடைசில இருந்து தமிழ்நாட்டுல லைசன்ஸ், ஆர்சி ரெண்டையும் ஆர்டிஓ ஆபீஸ்ல கைல குடுக்கறத நிறுத்திட்டாங்க, தபால்லதான் வரும். பேப்பர்லயும் வந்துச்சு, அப்பாவும் படிச்சிருந்தாரு. அப்புறம் யாருக்கு சந்தேகம் வரும்? உண்மையான ரூலயே பொய்க்கு முட்டு குடுக்க வச்சுக்கிட்டாரு மனுஷன்.

அப்புறம் கேக்கும்போதெல்லாம் ஒரு வாய்ஸ் நோட். சர்வர் டவுன்ணே. கார்டு ஸ்டாக் இல்லையாம்ணே. பிரிண்ட் ஆயிருச்சுண்ணே, போஸ்ட்ல போட்டாச்சு. போஸ்ட்மேன் வீடு பூட்டிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாராம்ணே, மறுபடி போட சொல்லிருக்கேன். எங்க வீட்ல எந்நேரமும் பாட்டி திண்ணைல உக்காந்திருக்கும், வீடு எங்க பூட்டுச்சு. அதோட அப்பா கைலதான் அட்டை இருக்கே, 2029 ஜூலை வரைக்கும்னு தெளிவா போட்டிருக்கே, அவசரம்னு யாருக்கும் தோணல.

2025 செப்டம்பர்ல ஒரு நாள் காலைல மார்க்கெட்ல இருந்து திரும்பும்போது செக்கிங். அப்பா பந்தாவா அட்டைய எடுத்து நீட்டிருக்காரு. டிராஃபிக் எஸ்ஐ நம்பர இ-சலான் மெஷின்ல தட்டி பாத்துட்டு, பெரியவரே இது முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சேன்னுருக்காரு. அப்பா ஒத்துக்கல. இந்தா போட்டிருக்குல்லன்னு காட்டிருக்காரு. அப்பதான் எஸ்ஐ அந்த அட்டைய வெயில்ல தூக்கி புடிச்சு காட்டிருக்காரு, 2029ல கடைசி 9 மட்டும் மத்த நம்பர விட கருப்பா, ஒரு நூல் மேல தூக்கி நிக்குது. பழைய கார்ட ஸ்கேன் பண்ணி 4ஐ அழிச்சுட்டு 9 போட்டிருக்கானுங்க. அதுலயும் ஒரு சோம்பேறித்தனம் பாருங்க, ரினிவல் பண்ண தேதி அப்பிடியே 2019ன்னே இருக்கு. 50 வயசு ஆளுக்கு 2019 ஜூலைல, அப்ப இருந்த 5 வருஷ ரூல்படி குடுத்த லைசன்ஸ் எப்பிடிய்யா பத்து வருஷம் ஓடும்.

ஃபைன் 5,000. அத விட பெரிய பயம், எஸ்ஐ நெனச்சிருந்தா போலி லைசன்ஸ் வச்சிருந்தாருன்னு அப்பா மேலயே கேஸ் போட்டிருக்கலாம். அந்த மனுஷன் அப்பா மூஞ்சிய பாத்துட்டு, இத தொலைச்சிராதீங்க, குடுத்தவன் மேல கம்ப்ளைன்ட் குடுங்கன்னு சொல்லி அனுப்பிருக்காரு. வண்டிய அங்கயே விட்டுட்டு ஆட்டோல வந்தாரு, ரெண்டு நாள் சரியா சாப்டல. காசு போனது கூட பரவாயில்ல, நடு ரோட்டுல எல்லாரும் பாக்க நின்னதுதான் அவரால தாங்க முடியல.

அன்னைக்கே லைசன்ஸுக்கான கவர்மெண்ட் சைட்டான சாரதி போர்ட்டல்ல உக்காந்தேன். லைசன்ஸ் நம்பரும் பொறந்த தேதியும் அடிச்சா வேலிடிட்டி 2024 ஜூலையோட நிக்குது. கடைக்காரரு வாட்ஸப்ல அனுப்பிருந்த ரசீது பிடிஎஃப்ல ஒரு அப்ளிகேஷன் நம்பர் இருந்துச்சு, அத போட்டு ஸ்டேட்டஸ் பாத்தா பொறந்த தேதியே ஒத்து வரல. வேற யாரோட ரசீதுலயோ அப்பா பேர ஒட்டிருக்காங்க. அதாவது ரினிவலுக்கு அப்ளையே பண்ணல. வாங்குன 4,500ல ஒத்த ரூபா கூட கவர்மெண்ட்டுக்கு போகல.

நெஜ செலவு எவ்ளோன்னு கேட்டா வயிறு எரியும். சென்ட்ரல் ரூல்படி ரினிவலுக்கு 200, கார்டுக்கு 200, அது மேல நம்ம ஸ்டேட் சர்வீஸ் சார்ஜ் கொஞ்சம். 40 வயசுக்கு மேலன்னா ஃபார்ம் 1ஏ-ல டாக்டர் கையெழுத்தும் சீலும் வேணும், நம்ம தெரு டாக்டர் கண்ண பாத்துட்டு போட்டு குடுப்பாரு. அவ்ளோதான் மொத்த வேலையும்.

இதுல பணம் போனத விட நாள் போனதுதான் பெரிய அடின்னு ஆர்டிஓ ஆபீஸ் போனப்பறம்தான் புரிஞ்சுது. லைசன்ஸ் முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இருந்தே ரினிவலுக்கு போடலாம், முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ளயும் போடலாம். அந்த ஒரு வருஷமும் தாண்டிருச்சுன்னா சும்மா ரினிவல் கிடையாது, மறுபடி டெஸ்ட் குடுத்து பாஸ் ஆகணும். முன்ன இது 5 வருஷமா இருந்துச்சு, 2019ல சட்டத்த மாத்துனப்ப ஒரு வருஷமாக்கிட்டாங்க. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா டெஸ்ட் இல்லாமலே முடிஞ்சிருக்கும்னு கவுண்டர்ல இருந்தவரு சாதாரணமா சொல்றாரு, அப்பா என்னய பாக்கறாரு, நான் சுவத்த பாக்கறேன். அந்த வாய்ஸ் நோட்டெல்லாம் நம்மள 2025 ஜூலைய தாண்ட வச்சிருச்சு.

பழைய ஆளுங்க இன்னும் ஒன்னு சொல்லிட்டு திரியறாங்க, முடிஞ்சாலும் 30 நாள் டைம் இருக்குன்னு. அதுவும் 2019ல எடுத்தாச்சு. அப்பாவுக்கு முடிஞ்சப்ப இருந்த ரூல்படி, முடிஞ்ச தேதிக்கு மறுநாள்ல இருந்தே லைசன்ஸ் இல்லாத ஆளுதான். லேட்டா ரினிவல் பண்ணா பண்ண தேதில இருந்துதான் புது வேலிடிட்டி, நடுவுல ஓட்டுன நாளுக்கு யாரும் பொறுப்பு இல்ல. அந்த ஒரு வருஷத்துக்கு மேல அப்பா தெனமும் இருட்டுல ரிங் ரோட்டுல ஓட்டிருக்காரு, நெனச்சாலே ஒதறுது. ஏதாவது ஆயிருந்தா சொந்த வண்டி டேமேஜுக்கு இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருப்பான். எதிராளிக்கு அடி பட்டிருந்தா கோர்ட் அவங்களுக்கு கம்பெனிய குடுக்க சொல்லும், ஆனா கம்பெனி அத நம்மகிட்ட இருந்து வசூல் பண்ண வரும். பூ யாவாரத்துல எத்தன வருஷம் கட்டுறது அத.

இப்ப அப்பாவுக்கு டெஸ்ட். எக்ஸெல்ல எட்டு போட்டா கியர் இல்லாத வண்டிக்குதான் லைசன்ஸ் குடுப்பாங்க, அவருக்கு முன்ன இருந்தது கியர் வண்டி லைசன்ஸ். அதனால பக்கத்து வீட்டு ஸ்ப்ளெண்டர கேட்டு வாங்கி சாயங்காலம் சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுல ஓட்டி பழகுனாரு, கிளட்ச் புடிச்சு வருஷக்கணக்கா ஆனதால வண்டி தவளை மாதிரி தாவுது, சுத்தி நின்னு பாத்த பயலுகளுக்கு ஒரே சிரிப்பு. 56 வயசுல இதெல்லாம் தேவையா அவருக்கு. ஆனா டெஸ்ட் அன்னைக்கு கால் ஊனாம போட்டு முடிச்சிட்டாரு, இன்ஸ்பெக்டரே எத்தன வருஷமாண்ணே ஓட்டறீங்கன்னு கேட்டாராம். டெஸ்டு முடியற வரைக்கும் அவரு ரோட்டுல வண்டியே எடுக்கல, என் தம்பிதான் வேலைக்கு போறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போனான்.

டிரைவிங் ஸ்கூல்ல குடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. எல்லாரும் லீவு போட்டு அலைய முடியாது, ஆன்லைன் எல்லாருக்கும் வராது, ஒழுங்கா செஞ்சு குடுக்கறவங்களும் நெறய இருக்காங்க. குடுத்தீங்கன்னா அப்ளிகேஷன்ல உங்க போன் நம்பரதான் போடணும்னு அடம் புடிங்க. ஓடிபி நம்ம போனுக்கு வரணும், மெசேஜ் நம்ம போனுக்கு வரணும். என் நம்பரே போட்டுக்கறேன் உங்களுக்கு எதுக்கு தொந்தரவுன்னு யாராவது சொன்னா அங்கயே கார்ட திருப்பி வாங்கிட்டு கிளம்பிருங்க. எங்க அப்பாவுக்கு ஒரு ஓடிபி கூட வரல, எல்லாம் தானே பாத்துக்கறதா அந்தாளு சொன்னது இதுக்குத்தான். அப்ளிகேஷன் நம்பர வாங்குன அன்னைக்கு நைட்டே சாரதில போட்டு பாருங்க, எந்த சர்வீஸுக்கு அப்ளை பண்ணிருக்காங்கன்னும் பாருங்க, ரினிவலா இல்ல வேற எதாவதான்னு.

அப்ரூவ் ஆயிருச்சுன்னா கார்டு வர்றதுக்கு முன்னாடியே போர்ட்டல்ல புது தேதி ஏறிரும். கவர்மெண்ட் ஆப் டிஜிலாக்கர்லயும் எம்பரிவாஹன்லயும் லைசன்ஸ எடுத்து பாக்கலாம், போலீஸ் கேட்டா அதையே காட்டலாம், சட்டப்படி செல்லும். அப்பறம் எதுக்கு லேமினேஷன் அட்டை? அந்த மாதிரி டெம்பரவரி அட்டைன்னு ஒன்னு ரினிவல்ல கிடையவே கிடையாது. யாராவது குடுத்தா அது ஜெராக்ஸ் கடை வேலைதான். போஸ்ட்ல போட்டாச்சுன்னு சொன்னா ட்ராக்கிங் நம்பர் கேளுங்க, ஈ-ல ஆரம்பிச்சு ஐஎன்-ல முடியற 13 எழுத்து நம்பர், இந்தியா போஸ்ட் சைட்ல போட்டா எங்க இருக்குன்னு காட்டிரும். நான் கேட்டப்ப அந்தாளு கூரியர் ரசீது ஒன்ன போட்டோ எடுத்து அனுப்புறாரு.

நாங்களே பண்ணிக்கறோம்னு கூகுள்ல தேடுறவங்களும் பாத்து. மேல வர்ற எல்லா சைட்டும் கவர்மெண்ட் சைட்டுன்னு நெனச்சிராதீங்க, அதே மாதிரி கலர், அதே சிங்க முத்திரை போட்டு தனியாருங்க நெறய பேரு உக்காந்திருக்காங்க. அட்ரஸ் ஜிஓவி டாட் இன்னு முடியணும், அவ்ளோதான் கணக்கு. வாட்ஸப்ல சலான்னு சொல்லி ஏபிகே ஃபைல் வந்தா தொடாதீங்க, இன்ஸ்டால் பண்ணா பேங்க் காசு போயிரும். பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க.

கடைக்கு போய் கேட்டதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா, அது வேலைக்கு இருந்த பையன் பண்ணது தம்பி, அவன் இப்ப திருப்பூர் போயிட்டான், எனக்கு ஒன்னும் தெரியாது. சரிண்ணே, இந்த வாய்ஸ் நோட்டு யாரு குரல்னு போன எடுத்து ப்ளே பண்ணேன். கடைல உக்காந்திருந்த கஸ்டமரெல்லாம் திரும்பி பாத்தாங்க. உடனே உள்ள வாங்க பேசலாம்னு கைய புடிச்சாரு. அன்னைக்கு 2,000 ஜிபேல போட்டாரு, மீதிய அடுத்த வாரம்னாரு, அந்த வாரம் இன்னும் வரல.

ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது கம்ப்ளைன்ட் வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, வாங்கியாச்சு. பணம் கேஷா குடுத்ததால பில் இல்ல, ஆனா லேமினேஷன் அட்டை, போலி ரசீது பிடிஎஃப், வாய்ஸ் நோட்டு, அந்த 2,000 போட்ட ஜிபே ஸ்க்ரீன்ஷாட் நாலும் ஆதாரமா வச்சிருக்கோம். கடைசில சொன்னதுதான் ஸ்ட்ராங்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க, தப்பு பண்ணாதவரு எதுக்கு காச திருப்பி போட்டாருன்னு கேக்கலாமாம். இதே கடைல குடுத்து இதே மாதிரி அட்டை வாங்குனவங்க இன்னும் ரெண்டு பேரு எங்க தெருவுலயே கிடைச்சிருக்காங்க, ஒருத்தருக்கு முடிஞ்சு எட்டு மாசம்தான் ஆகுது, அவர நேத்தே உக்கார வச்சு ஆன்லைன்ல ரினிவல் போட்டு விட்டுட்டேன், டெஸ்ட்ல இருந்து தப்பிச்சாரு. மூணு பேரும் சேந்து குடுத்தா எஃப்ஐஆர் போடறோம்னு சொல்லிருக்காங்க, திங்கக்கிழமை போறோம். மதுரைல வேற யாருகிட்டயாவது 9 மட்டும் தூக்கி நிக்கற அட்டை இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.