காரச் சாப்பாட்டோடு ஆறு பீர்: எது சேர்கிறது, எது சொதப்புகிறது

காரமான சாப்பாட்டுக்கு பீர் என்றாலே "நல்லா ஸ்ட்ராங்கா, ஐஸ் மாதிரி சில்லுனு" என்றுதான் நம்மில் பலர் கேட்கிறார்கள். இரண்டுமே தப்பு. மிளகாய் சீண்டும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் சீண்டும். அதனால் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட பீரோடு சாப்பிட்டால் அதே வறுவல் இன்னும் ஒரு படி காரமாகத் தெரியும். ஹாப்பின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பும் காரத்தோடு சேர்ந்துகொண்டு நாக்கை விட்டுப் போகாது. ஐஸ் மாதிரி சில்லென்று குடித்தாலோ பீரின் சுவையே தெரியாது. காரத்தைத் தணிப்பது மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்பு. எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பது கேஸும் கசப்பும். எனவே மிளகாய்க்கு ஒரு பீர், பஜ்ஜிக்கு வேறொரு பீர். கீழே உள்ள மதிப்பெண்ணில் பாதி பீரின் சொந்தத் தரத்துக்கு, மீதி தட்டில் இருப்பதோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு.

ருசி பார்க்க ஆளுக்கு 100 மில்லி போதும். லேசானதில் ஆரம்பித்து கனமானதுக்குப் போகவும். புகை வாசனை உள்ளதைக் கடைசிக்கு வைக்கவும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். கிளாஸில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை நிற்காது. ஊற்றியதும் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

பில்ஸ்னர் உர்கெல் (செக் குடியரசு, 4.4%): 8/10

1842-இல் பில்சென் நகரில் யோசெஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர் வகை). இன்று உலகம் முழுக்க விற்கும் மஞ்சள் லாகர்களுக்கெல்லாம் மூதாதை இதுதான், ஆனால் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கசப்பு இல்லை. மால்ட் கலவையில் ஒரு பகுதியை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பதை மூன்று முறை செய்கிறார்கள். அதனால் கசப்புக்கு அடியில் லேசான கேரமல் இனிப்பு ஓடுகிறது. சாட்ஸ் ஹாப்பின் மூலிகை மணம், மிக மெல்லிய வெண்ணெய் வாசனை. 7 டிகிரியில் குடிக்கவேண்டும்.

மெதுவடை, வாழைக்காய் பஜ்ஜி, மசாலா அதிகம் பூசாத வஞ்சிரம் வறுவல், இவற்றோடு இது கச்சிதம். அதன் சொந்த ஊரில் பன்றி ரோஸ்ட்டோடு குடிப்பார்கள். எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கசப்பு என்ற அதே கணக்குதான். மிளகாய்த்தூள் தூக்கலான சில்லி சிக்கனோடு வேண்டாம். வாங்கும்போது டின் கிடைத்தால் டின்னையே எடுக்கவும். ஹாப்பின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தக நாற்றம் அடிக்கும் சேர்மமாகிவிடும். பச்சைக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை, பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். நேரடி வெயிலில் இதற்குச் சில நிமிடம் போதும். கடையின் முன்வரிசையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கும் பாட்டிலை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள்.

ஹூகார்டன் (பெல்ஜியம், 4.9%): 6.5/10

ஹூகார்டன் கிராமத்தில் அழிந்துபோயிருந்த கோதுமை பீர் வகையை 1966-இல் பியர் செலிஸ் மீட்டெடுத்தார். கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். அந்த மல்லி வாசனை நமக்குப் புதிதல்ல. எலுமிச்சை பிழிந்த தேங்காய்-மாங்காய் சுண்டல், ஆவியில் வேகவைத்த மீன், சிப்பி, எல்லாவற்றோடும் சேரும். மசாலா கூடினால் பீர் காணாமல் போய்விடும். நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வைஹென்ஸ்டெபானர் ஹெஃபவைஸ்பியர் (ஜெர்மனி, 5.4%): 9/10

இந்த ஆறில் நம் சமையலுக்கு மிகவும் பொருந்துவது இது. பவேரிய கோதுமை பீர் ஈஸ்ட் நொதிக்கும்போது இரண்டு வாசனைகளை உண்டாக்குகிறது: ஒன்று வாழைப்பழம், இன்னொன்று கிராம்பு. உள்ளே பழமும் இல்லை, மசாலாவும் இல்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. கசப்பு மிகக் குறைவு, கோதுமையின் சதைப்பற்று நிறைய, கேஸும் தாராளம். காரத்துக்கு இனிப்பு, நெய்க்கு கேஸ், பட்டை-கிராம்புக்குக் கிராம்பு. பிரியாணியோடு வேறெந்த பீரும் இவ்வளவு இயல்பாக உட்காருவதில்லை. ஆப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், இடியாப்பமும் இறால் குழம்பும் அடுத்தபடி. மியூனிக்கில் முற்பகலில் வெள்ளை சாசேஜும் இனிப்புக் கடுகும் வைத்துக் குடிப்பார்கள். அந்த ஜோடியும் மோசமில்லை.

ஊற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அரை லிட்டர் பிடிக்கும் உயரமான கிளாஸை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஈரமாகவே வைத்துக்கொள்ளவும். காய்ந்த, சூடான கிளாஸில் ஊற்றினால் பாதி நுரையாகப் பொங்கி மேசைக்குப் போய்விடும். கிளாஸை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, பாட்டில் வாய் கிளாஸின் சுவரை ஒட்டியிருக்க, மெதுவாக ஐந்தில் நான்கு பங்கு ஊற்றவும். அங்கே நிறுத்தி, பாட்டிலை வட்டமாகச் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி, மிச்சத்தைக் கிளாஸை நிமிர்த்தி ஊற்றவும். அந்தக் கலங்கலில்தான் சுவை இருக்கிறது. பாட்டிலைப் படுக்கவைத்து வைத்தால் ஈஸ்ட் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வராது. எலுமிச்சைத் துண்டு போடுவதை விட்டுவிடலாம், தோலில் உள்ள எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். தேதியும் பார்க்கவும்: பழசானால் வாழைப்பழ மணம் போய் நனைந்த அட்டை வாசனை வரும்.

கின்னஸ் டிராஃப்ட் டின் (அயர்லாந்து, 4.2%): 6/10

நிறத்தைப் பார்த்துக் கனமானது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. உண்மையில் இது லேசான பீர். வறுத்த பார்லியின் காபிக் கசப்பு, நைட்ரஜனால் வரும் க்ரீம் நுரை. நைட்ரஜன் இருப்பதால் கேஸின் குத்தல் குறைவு, அதனால் எண்ணெய்ப் பலகாரத்தோடு மந்தமாகிவிடும். சிப்பி, மிளகு மட்டும் போட்ட நண்டு போன்ற கடல் உப்புச் சுவைகளோடு நன்றாக இருக்கும். டின்னை முழுக்கக் குளிரவைக்காமல் திறந்தால் சட்டை நனையும்.

லயன் ஸ்டவுட் (இலங்கை, 8.8%): 8.5/10

நுவரெலியாவில் 1881-இல் தொடங்கி, இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் இயங்கும் பீர் ஆலையில் காய்ச்சியது. பிரிட்டிஷ் பீர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் எடுத்துச் சொன்ன பிறகுதான் வெளிநாட்டு ரசிகர்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். கருப்புச் சாக்லேட், பேரீச்சை, தீய்ந்த வெல்லப்பாகு, முடிவில் காபி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் இதில் எதுவுமே தெரியாது, கசப்பும் ஆல்கஹாலும்தான் மிஞ்சும். வெளியே எடுத்து 15 நிமிடம் வைத்து, 12 டிகிரி வாக்கில் ஊற்றவும். சின்ன கிளாஸ் போதும்.

இதற்குச் சரியான துணை வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய். பீரின் சாக்லேட்டும் கருப்பட்டியும் ஒரே திசையில் போக, காபிக் கசப்பு இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்கிறது. எள்ளுருண்டையும் ஒத்துவரும். உறைப்புப் பக்கம் போனால், வறுத்த கறித்தூள் போட்ட இலங்கைப் பன்றிக் கறி நல்ல ஜோடி, வறுவலுக்கு வறுவல். ஆனால் மிளகாயைப் பாதியாக்கிச் சமைக்கவேண்டும், இல்லையென்றால் முதல் பத்தியில் சொன்ன ஆல்கஹால் விவகாரம் முழு வேகத்தில் வரும். யாழ்ப்பாண நண்டுக் கறிக்கு இது வேண்டவே வேண்டாம். 330 மில்லியில் கிட்டத்தட்ட 23 கிராம் ஆல்கஹால், அதே அளவு பில்ஸ்னர் உர்கெலைப் போல இரு மடங்கு. ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்வதே முறை.

ஷ்லென்கெர்லா ரவுக்பியர் மேர்ட்ஸன் (ஜெர்மனி, 5.1%): 7.5/10

பாம்பெர்க் நகரத்துப் புகை பீர். மால்ட்டைப் பீச் மர நெருப்பின் புகையில் உலர்த்துகிறார்கள். முதல் மடக்கில் புகையூட்டிய இறைச்சி வாசனைதான் வரும், பலர் அங்கேயே கிளாஸை வைத்துவிடுவார்கள். நாலைந்து மடக்கு பொறுத்தால் புகை பின்வாங்கி, அடியில் இருக்கும் ரொட்டி போன்ற மால்ட் இனிப்பு தெரியவரும். சுட்ட கத்தரிக்காய்த் துவையல், தந்தூரி சிக்கன், தணலில் சுட்ட சோளம் என்று நெருப்பில் நேரடியாக வாட்டியது எதுவானாலும் சேரும். எல்லாவற்றையும்விடக் கருவாடு: நெத்திலிக் கருவாட்டைக் கழுவி உப்பைக் குறைத்து, சின்ன வெங்காயத்தோடு வறுத்து வைத்துப் பாருங்கள். உப்பு அதிகமாக விட்டால் பீர் சாம்பல் மாதிரி ருசிக்கும்.

புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, ரசம் மூன்றுக்கும் இந்த ஆறில் எதுவும் தேறவில்லை. புளியின் புளிப்பு ஹாப் கசப்பைக் கூர்மையாக்கி, வறுத்த மால்ட்டைக் காறலாக்கிவிடுகிறது. வைஹென்ஸ்டெபானர் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் மீன் குழம்பில் தேங்காய் அரைத்துவிட்டிருந்தால்.