மழை இல்லையா, அளவு இல்லையா? விடுபட்ட தரவும் வரைபட மென்பொருள்களும்

மட்டக்களப்பின் மாரிகால மழையை வரைபடமாக்க உட்காருபவர் எவரும் வெற்றுக் கட்டங்களைச் சந்திக்காமல் தப்ப முடியாது. வீதி வெள்ளத்தில் மூழ்கி, மழைமானியைப் பார்க்க ஆள் போக முடியாத நாளில்தான் அளவு விடுபடுகிறது. நமக்கு மிகவும் வேண்டிய நாளும் அதுதான்.

ஐந்து நாள் அளவு 42, 118, வெற்று, வெற்று, 7 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் மூன்று தெரிவுகளைத் தருகிறது: இடைவெளி விடலாம், பூச்சியமாகக் கொள்ளலாம், கோட்டால் இணைக்கலாம். இணைத்தால், விடுபட்ட நாட்களில் 81, 44 மில்லிமீற்றர் பெய்ததாகக் கோடு சாதிக்கும். பூச்சியம் என்றாலோ அடைமழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில்! இரண்டில் இதுவே பெரிய பொய். என் வாக்கு இடைவெளிக்கு. ஆனால் எக்செல்லில் ஒரு பொறி உண்டு. சூத்திரம் ஒன்று வெற்று மேற்கோளை ("") விடையாகத் தந்தால், கட்டம் காலியாகத் தெரியும். எந்தத் தெரிவை வைத்திருந்தாலும் கோடு பூச்சியத்துக்கு விழும். இலவச விரிதாளான லிப்ரே ஆபிஸ் கல்க்கிலும் இதே மூன்று தெரிவுகள்தான்.

கட்டளை எழுதி வரைபடம் வரையும் நூபிளொட் (gnuplot) இன்னும் நுணுக்கமானது. விடுபட்ட தரவும் செல்லாத தரவும் அதற்கு வேறு வேறு. விடுபட்டதற்கென நீங்கள் அறிவித்த குறி வந்தால் அந்தப் புள்ளியைத் தாண்டிக் கோட்டை இணைத்துவிடும். என்ஏஎன் (NaN, ‘எண் அல்ல’ என்னும் குறி) என்று இருந்தால் கோட்டை அறுக்கும். பழைய கோப்புகளில் வரும் -999 போன்ற குறியை அறிவிக்காமல் விட்டால், அதையும் மழையளவாக எண்ணி அச்சைப் பாதாளத்துக்கு இழுத்துச் செல்லும்.

பைதான் மொழியில் வரைபடம் வரையும் மாட்பிளொட்லிப் என்ஏஎன் வந்த இடத்தில் பேசாமல் கோட்டை அறுக்கும். ஆர் மொழியின் ஜிஜிபிளொட்2 புள்ளி வரைபடத்தில் இத்தனை வரிசைகளை நீக்கினேன் என்று எச்சரிக்கும். அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும். பைதானில் தரவு கையாளும் பாண்டாஸ்தான் ஆளை ஏமாற்றும். அதே தரவு நிரலைக் கோடாக வரைந்தால் இடைவெளி விடும், பட்டையாக வரைந்தால் பூச்சியத்தை நிரப்பும்.

மழையை நாம் வரைவதோ பெரும்பாலும் பட்டையாக. அங்கே இடைவெளியும் பூச்சியமும் கண்ணுக்கு ஒன்றுதான். மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும் ஒரே வெறுமை. இதை எந்த மென்பொருளின் தெரிவும் தீர்த்துவைக்காது. அளக்காத நாட்களுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பட்டி ஒன்றை நாமே போட வேண்டும். மாட்பிளொட்லிப்பில் ஒரு வரிக் கட்டளை போதும். எக்செல்லில் இரண்டாவது தரவு நிரல் ஒன்றைச் சேர்க்க வேண்டும், சற்று அலுப்பான வேலை.

உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம் என்றால் என் தீர்ப்பு மாறும். கோடை நாட்களில் குளம் மெதுவாகவே வற்றும். ஓரிரு நாள் விடுபட்டால் புள்ளிக்கோட்டால் இணைப்பதில் தவறில்லை. இடையில் வான்கதவு திறந்த நாள் வந்தால் அதையும் செய்யமாட்டேன்.