எம்ப்ரேஸ், ஹக், சரவுண்ட்: எதை எங்கே போடுவது?

'எம்ப்ரேஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் அணை, தழுவு, ஏற்றுக்கொள், உள்ளடக்கு, சூழ் என்று வரிசையாகப் பொருள் இருக்கும். அதை நம்பி எல்லா இடத்திலும் போட்டுவிட முடியாது.

முதலில் ஹக். குழந்தை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் அது ஹக்தான். எம்ப்ரேஸும் கைகளால் அணைப்பதுதான். கையைக் குறிக்கும் 'பிராக்கியம்' என்ற லத்தீன் சொல்தான் அதற்கு வேர். ஆனாலும் அது எழுத்து நடைக்கு உரியது. கதையில் எழுதலாம், செய்தியில் எழுதலாம். 'அம்மாவை எம்ப்ரேஸ் செய்தேன்' என்று ஆங்கிலப் பேச்சில் சொன்னால் மேடை வசனம்போல ஒலிக்கும். பேச்சுக்கு ஹக் போதும்.

கொள்கை, மதம், மாற்றம் என்று வரும்போது எம்ப்ரேஸுக்குப் போட்டியே இல்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் செய்ததை ஆங்கிலத்தில் 'எம்ப்ரேஸ்ட் புத்திசம்' என்பார்கள். அங்கே ஹக் நுழையவே முடியாது. 'அக்செப்ட்' போடலாம், ஆனால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்வதும் அக்செப்ட்தானே? மனதார, முழுதாக ஏற்பது எம்ப்ரேஸ். நாமும் 'பௌத்தம் தழுவினார்' என்றுதான் சொல்கிறோம். உடம்பால் அணைப்பதற்கும் மனத்தால் ஏற்பதற்கும் இரண்டு மொழியிலும் ஒரே வினை! எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

இந்தப் பொருத்தமே காலை வாரியும் விடும். 'ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தழுவி எழுதியது' என்பதற்கு எம்ப்ரேஸ் வராது. அங்கே 'அடாப்ட்' என்றுதான் எழுத வேண்டும்.

சரவுண்டில் பாசம் கிடையாது, இருப்பிடம் மட்டும்தான். போலீஸ் வீட்டைச் சூழ்ந்தாலும், கடல் இலங்கையைச் சூழ்ந்தாலும் சரவுண்ட். இதன் லத்தீன் மூலத்துக்கு 'மேலே பொங்கி வழிதல்' என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் வெள்ளம் மூடுவதைத்தான் குறித்தது. 'ரவுண்ட்' என்ற ஒலி உள்ளே கேட்டதால், சுற்றிலும் இருப்பது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. கவிதையில் கடல் தீவை எம்ப்ரேஸ் செய்யலாம். புவியியல் விடைத்தாளில் வேண்டாம்.

பாடத்திட்டம் இலக்கணம், செய்யுள், உரைநடை எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது என்று எழுத எம்ப்ரேஸ் தப்பில்லை. ஆனால் 'என்கம்பஸ்' எழுதினால் குழப்பம் வராது.

அப்புறம் ஓர் இலக்கணக் குறிப்பு. எம்ப்ரேஸுக்குப் பின்னால் 'வித்' வராது. 'ஹி எம்ப்ரேஸ்ட் ஹெர்' என்பதே சரி. 'தே எம்ப்ரேஸ்ட்' என்று நிறுத்தினால் ஒருவரையொருவர் தழுவினார்கள் என்று பொருள்.